கைநாட்டும் கையெழுத்தும்: எல்லையோர ஊர்களில் எழுத்தறிவுத் தொண்டு நடந்த வரலாறு

தமிழ்க் குழந்தை முதன்முதலில் கையில் எடுக்கும் ஏட்டுக்கு அரிச்சுவடி என்று பெயர். 'அரி' என்று கடவுள் வணக்கம் சொல்லித் தொடங்கியதால் அப்பெயர் வந்தது. தெலுங்கில் அதையே 'ஓனமாலு' என்பார்கள். 'ஓம் நம' என்று தொடங்கும் வணக்கம் அங்கே எழுத்துகளுக்கே பெயராகிவிட்டது. இரண்டு மொழிக்காரர்களும் எழுத்தை வணக்கத்தோடு தொடங்கியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

வரதய்யபாளையம் கடைவீதியில் ஒரு நாழிகை நின்றால் இந்த இரண்டு மொழியும் கலந்து காதில் விழும். தமிழில் விலை கேட்பார்கள், தெலுங்கில் பேரம் பேசுவார்கள், மறுபடி தமிழில் "சரி, கட்டிக் குடு" என்பார்கள். ஆனால் இப்படி இரண்டு மொழியையும் நாவில் வைத்திருக்கும் பெரியவர்களில் பலருக்கு அரிச்சுவடியும் தெரியாது, ஓனமாலும் தெரியாது. தமிழில் அதைக் 'கைநாட்டு' என்கிறோம். தெலுங்கில் 'வேலிமுத்ர' என்கிறார்கள். பெயர்தான் வேறு, மை ஒன்றே.

இப்படிப்பட்டவர்களுக்குச் சம்பளம் வாங்காமல் எழுத்துச் சொல்லிக் கொடுக்க ஒரு காலத்தில் இலட்சக்கணக்கானோர் முன்வந்தார்கள். நம் எல்லையோரத்திலும் அது நடந்தது. அந்த வரலாற்றை வாசக அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லி, அதிலிருந்து நம் சங்கம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லை நகர்ந்த கதை

சித்தூர் மாவட்டம் 1911-ஆம் ஆண்டு சென்னை மாகாணத்தில் உருவாக்கப்பட்டது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது அது ஆந்திரத்துக்குப் போயிற்று. பின்னர் படாஸ்கர் பரிந்துரையின்படி எல்லை திருத்தும் சட்டம் 1959-இல் இயற்றப்பட்டு, 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. அதுவரை செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குச் சென்றது. 1985-இல் ஆந்திரத்தில் மண்டல முறை வந்தது. 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி மாவட்டம் உருவானபோது, அதுவரை சித்தூர் மாவட்டத்தில் இருந்த வரதய்யபாளையமும், நெல்லூர் மாவட்டத்தில் இருந்த தடாவும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன.

இவ்வளவையும் ஏன் சொல்கிறேன் என்றால், எல்லை நகரும்போது மனிதர்கள் நகர்வதில்லை. வீடும் நிலமும் அப்படியே இருக்க, பள்ளிக்கூடத்துப் பாடநூலும் அலுவலகத்து விண்ணப்பமும் மட்டும் மொழி மாறும். 1960-க்கு முன் தமிழ் படித்தவர் ஒருவர், மறு வருஷம் தாலுகா அலுவலகத்தில் தெலுங்குத் தாளைப் பார்த்து விழித்திருப்பார். படித்தவருக்கே இந்த நிலை என்றால் ஒன்றுமே படிக்காதவர் கதி என்ன? அவர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் பெருவிரலை நீட்டினார். அதற்கு மொழி வேண்டியதில்லை அல்லவா?

எழுத்தைத் தானம் செய்வது

சமண மரபில் தானம் நான்கு வகைப்படும். உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம் என்பன அவை. சாத்திர தானம் என்பது அறிவைக் கொடுப்பது. ஏடு எழுதுவித்துக் கொடுப்பதை எங்கள் முன்னோர் பெரும் புண்ணியமாகக் கருதினார்கள். 10-ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் வாழ்ந்த அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னர் இயற்றிய சாந்தி புராணத்தை 1,000 படிகள் எழுதுவித்து வழங்கினார் என்பது வரலாறு. அச்சு இல்லாத காலத்தில் 1,000 படிகள் என்றால் எத்தனை ஓலை, எத்தனை எழுத்தாணி, எத்தனை பேர் உழைப்பு என்று எண்ணிப் பாருங்கள்.

'பள்ளி' என்ற சொல்லையும் இங்கே நினைக்கலாம். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. தமிழில் அச்சொல் கல்விக்கூடத்துக்கு ஆகி வந்தது. தெலுங்கில் 'பல்லெ' என்றால் கிராமம். ஒரே வேரிலிருந்து ஒரு பக்கம் பாடசாலையும் மறுபக்கம் ஊரும் கிளைத்திருக்கின்றன.

ஆனால் நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தத் தானமெல்லாம் பெரும்பாலும் ஏற்கனவே படிக்கத் தெரிந்தவர் கைக்கே போய்ச் சேர்ந்தது. ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் ஏடு கிடைக்கவில்லை, கிடைத்திருந்தாலும் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பரணில் வைத்திருப்பார்கள். ஏட்டைக் கொடுப்பதற்கு முன் எழுத்தைக் கொடுக்க வேண்டும், அதுவும் வளர்ந்து, பிள்ளை பெற்று, உழைத்துக் களைத்தவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் நாடு தழுவிய இயக்கமாக ஆனது 20-ஆம் நூற்றாண்டில்தான்.

ஐம்பது ரூபாய்த் திட்டம்

சுதந்திர இந்தியாவில் இதற்காக எடுக்கப்பட்ட முதல் பெரிய முயற்சி 1978 அக்டோபர் 2-இல் தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். 15 வயது முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேருக்கு ஐந்தாண்டில் எழுத்தறிவிப்பது அதன் குறிக்கோள். ஒரு மையத்துக்கு 30 பேர், ஓர் ஆசிரியர், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம், பத்து மாதப் படிப்பு என்பது ஏற்பாடு. நம்ம ஊர்ப்பக்கம் இதை 'ராத்திரி பள்ளிக்கூடம்' என்றே சொல்லுவார்கள்.

நோக்கம் நல்லது. ஆனால் பல இடங்களில் மையம் ஏட்டில் இருந்தது, ஆள் இல்லை. அரிக்கேன் விளக்கு வந்தது, மண்ணெண்ணெய் வரவில்லை. 50 ரூபாய் என்பது சம்பளமாகவும் போதாது, தொண்டு என்று சொல்லிக்கொள்ளவும் இடம் கொடாது. வியாபாரத்தில் இரண்டுங்கெட்டான் விலை என்று ஒன்று உண்டு. வாங்குகிறவனுக்கும் திருப்தி இருக்காது, விற்கிறவனுக்கும் கட்டுபடி ஆகாது. இது அப்படி ஆயிற்று. இலக்கும் எட்டப்படவில்லை.

1988 மே 5-இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கப்பட்டது. 1995-க்குள் 8 கோடிப் பேர் என்று புதிய இலக்கு வைத்தார்கள். ஆரம்பத்தில் இதுவும் பழைய மையங்களையே நம்பியிருந்தது. வழியைத் திருப்பியது கேரளம்.

கோட்டயமும் எர்ணாகுளமும் காட்டிய வழி

1989-இல் கோட்டயம் நகரத்தில் மாவட்ட ஆட்சியரும் பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து நூறு நாள் இயக்கம் ஒன்று நடத்தினார்கள். அவ்வாண்டு ஜூன் 25-இல் அது முழு எழுத்தறிவு பெற்ற நகரம் என அறிவிக்கப்பட்டது. அடுத்து எர்ணாகுளம் மாவட்டம். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கமும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து, சுமார் 20,000 தொண்டர்களைத் திரட்டின. ஒருவருக்கும் ஊதியம் கிடையாது. 1990 பிப்ரவரி 4-இல் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. 1991 ஏப்ரல் 18-இல் கோழிக்கோட்டில் கேரளம் முழுமைக்குமான அறிவிப்பை மேடையேறி வாசித்தவர் மலப்புறம் மாவட்டத்தைச் சேர்ந்த சேலக்கோடன் ஆயிஷா. அமைச்சரோ அதிகாரியோ அல்லர், அந்த இயக்கத்தில் எழுத்துக் கற்ற முதிய பெண்மணி.

உலக அளவிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. 1961-இல் கியூபா நாட்டில் பள்ளிகளை நிறுத்தி, சுமார் ஒரு இலட்சம் மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். பகலில் விவசாயியோடு வயலில் வேலை, இரவில் விளக்கடியில் பாடம். 7 இலட்சம் பேர் கற்றார்கள். அந்த ஆண்டு முடிந்ததும் அவர்கள் மூட்டை கட்டிவிடவில்லை. 1962-இலேயே புதிதாகக் கற்றவர்களுக்குத் தொடர் வகுப்புகளைத் தொடங்கினார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சித்தூரில் தவம், நெல்லூரில் தீபம்

1991 கணக்கெடுப்பில் ஆந்திரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 44 சதவீதம். பெண்களில் 33 சதவீதத்துக்கும் குறைவு. அதே ஆண்டு தமிழ்நாட்டில் 62 சதவீதத்துக்கு மேல். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மண்தான், ஒரே மழைதான். எழுத்தில் மட்டும் இவ்வளவு மேடு பள்ளம்.

இந்தப் பின்னணியில்தான் எர்ணாகுளத்தின் செய்தி இங்கே வந்தது. 1990 அக்டோபர் 2-இல் பாரத ஞான விஞ்ஞான ஜாதா என்ற கலைப்பயணம் நாடெங்கும் புறப்பட்டது. பாட்டும் கூத்தும் தெருநாடகமுமாக ஊர் ஊராகப் போய், படிப்பு என்பது யாருக்கோ உரியது அன்று, உனக்கும் உரியது என்று சொன்னார்கள். அதே 1990-இல் சித்தூர் மாவட்டம் 'அட்சர தபஸ்மான்' என்ற பெயரில் முழு எழுத்தறிவு இயக்கத்தைத் தொடங்கியது. எழுத்தையே தவமாகக் கொண்டவன் என்று அப்பெயருக்குப் பொருள் கொள்ளலாம். பக்கத்து நெல்லூர் மாவட்டத்தில் 1991 தொடக்கத்தில் 'அட்சர தீபம்' ஏற்றப்பட்டது. வரதய்யபாளையம் இந்த இரண்டு மாவட்டங்களும் சந்திக்கும் ஓரத்தில் இருந்தது. ஒரு பக்கம் தவம், மறுபக்கம் தீபம்.

இயக்கம் வேலை செய்த முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒரு தொண்டருக்கு ஏறக்குறைய பத்துப் பேர். தொண்டர் வெளியூர்க்காரர் அல்லர், பெரும்பாலும் அதே தெருவில் எட்டாவதோ பத்தாவதோ படித்த பையன் அல்லது பெண். வகுப்பு நடக்கும் இடம் திண்ணை, கோயில் மண்டபம், தெருவிளக்கின் அடி. மூன்று பாடநூல்கள், மொத்தம் 200 மணி நேரம். நாளுக்கு இரண்டு மணி என்று வைத்தால் நூறு நாள். பாடத்தோடு பயிற்சித்தாளும் தேர்வும் அதே புத்தகத்துக்குள் இருக்கும்.

குழந்தைக்குச் சொல்வது போல அ, ஆ என்று தொடங்கவில்லை. தமிழில் 247 எழுத்து என்று சொன்னதுமே நாற்பது வயதுக்காரர் எழுந்து போய்விடுவார். அதனால் அவருக்குத் தெரிந்த, தினம் புழங்கும் சொல்லை முதலில் காட்டுவார்கள். கூலி, அரிசி, கிணறு போன்ற ஒரு சொல். அந்தச் சொல்லைப் பிரித்து எழுத்தைக் காட்டுவார்கள். அந்த எழுத்து வரும் வேறு சொற்களை அவரே சொல்ல வேண்டும். இப்படி எழுத்து அவர் வாயிலிருந்தே பிறக்கும்.

எழுத்தறிவு பெற்றவர் என்று யாரைச் சொல்வது என்பதற்கும் அளவு வைத்திருந்தார்கள். நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், 35 சொல் மனத்துக்குள் படிக்க வேண்டும். பார்த்து எழுதினால் நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதினால் 5 சொல். 1 முதல் 100 வரை எண்களைப் படிக்கவும் எழுதவும் வேண்டும், சிறு கணக்குப் போடத் தெரிய வேண்டும். கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தால் போதாது என்பது இதில் தெளிவு. பேரைக் கோலம் போல வரையக் கற்றவர் எழுத்தறிவு பெற்றவர் ஆகமாட்டார்.

ஒரு வணிகனாக என் கண்ணுக்குப் பட்டதையும் சொல்கிறேன். அந்நாளில் கடைக்குப் பற்று வைத்து வாங்குகிறவர்கள் பேரேட்டை எட்டிக்கூடப் பார்க்க மாட்டார்கள். "நீ சொன்னா சரி சாமி" என்று போய்விடுவார்கள். இரவு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அம்மாள் ஒருவர் ஒரு நாள் வந்து, "என் பக்கத்தைக் காட்டு" என்றார். விரலை வைத்து ஒவ்வொரு தொகையாகப் படித்தார். கூட்டிப் பார்த்தார். கால் மணி நேரம் ஆயிற்று. பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். கடைசியில், "சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு வாங்க வந்த பருப்பை வாங்கிக்கொண்டு போனார். எண் தெரிந்தவர் முன்னால் கடைக்காரனும் நிமிர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது. நேர்மையான வியாபாரிக்கு இதைவிட நல்லது வேறு என்ன?

தூபகுண்டாவில் நடந்தது

எழுத்து கற்றவர்கள் அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதற்கு நெல்லூர் மாவட்டத்து தூபகுண்டா என்ற கிராமமே பெரிய சான்று. பாடநூலில் சீதம்மா கதை என்று ஒரு பாடம் இருந்தது. சாராயத்தால் ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொல்லும் பாடம். மாலையில் வகுப்புக்கு வந்த பெண்கள் அதைப் படித்தார்கள், பேசினார்கள். "இது நம்ம வீட்டுக் கதைதானே" என்ற பேச்சு எழுந்தது. அக்காலத்தில் ஆந்திரத்தில் சாராயம் பொட்டலங்களில் அடைத்து ஊர் ஊராக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. கூலிப் பணம் வீட்டுக்கு வரும் முன் கடைக்குப் போய்விடும்.

1992-இல் தூபகுண்டாப் பெண்கள் திரண்டு தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூட வைத்தார்கள். அவர்களில் முன்நின்ற ரோசம்மாவின் பெயர் இன்றும் அங்கே பேசப்படுகிறது. இந்த வெற்றியையே 'பெண்கள் ஒன்றுபட்டால்' என்ற பொருளில் இன்னொரு பாடமாக்கி மற்ற ஊர் வகுப்புகளுக்குக் கொடுத்தார்கள். படித்த ஊரெல்லாம் பற்றிக்கொண்டது. சாராயக் கடை ஏலம் நடத்த முடியாமல் திரும்பத் திரும்பத் தள்ளிப்போயிற்று. 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூர் மாவட்டத்தில் சாராயம் தடை செய்யப்பட்டது. அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கு ஆயிற்று. 1997-இல் அது தளர்த்தப்பட்டது என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆனால் மிச்சம் நின்றது ஒன்று உண்டு. சாராயத்துக்குப் போன காசு கையில் தங்கியபோது, நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் 'பொதுபுலட்சுமி' இயக்கம் 1993-இல் நெல்லூரில் உருவாயிற்று. பொதுபு என்றால் சேமிப்பு. பின்னாளில் ஆந்திரம் முழுவதும் பரவிய மகளிர் குழுக்களுக்கு இது ஒரு முன்னோடி. குழு என்றால் கூட்டக் குறிப்பு எழுத வேண்டும், வரவு செலவு எழுத வேண்டும். எழுத்திலிருந்து போராட்டம், போராட்டத்திலிருந்து சேமிப்பு, சேமிப்பிலிருந்து மறுபடி எழுத்து. முதல் போட்டு வட்டியும் எடுத்து அந்த வட்டியையும் முதலில் சேர்ப்பது போன்றது இது.

தமிழ்நாட்டில் இதற்கு இணையானது அறிவொளி இயக்கம். 1991, 1992 ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். பல்லாயிரம் பெண்கள் கற்றார்கள். முதலில் கேலி பேசியவர்கள் உண்டு. ஆனால் தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகிற பெண்ணைப் பார்த்த பிறகு கேலி அடங்கிவிட்டது. படிப்பு மட்டும் தனியாக நிற்காது, வாழ்க்கையில் ஏதாவது ஒன்றைச் சுலபமாக்க வேண்டும் என்பதைப் புதுக்கோட்டை கண்டறிந்தது எனலாம்.

ஏன் தங்கவில்லை?

இவ்வளவும் நடந்திருக்க, நம் பக்கத்தில் இன்னும் கைநாட்டு ஏன் இருக்கிறது என்று அன்பர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி.

எழுத்தறிவு இயக்கம் மூன்று கட்டமாக வகுக்கப்பட்டது. முதலில் எழுத்தறிவித்தல், அடுத்து கற்றதை உறுதிப்படுத்தல், பிறகு நூலகம், படிப்பகம் என்று தொடர்கல்வி. முதல் கட்டத்துக்கு விழா உண்டு, ஊர்வலம் உண்டு, அறிவிப்பு உண்டு. இரண்டாம் கட்டத்துக்கு ஒன்றும் கிடையாது. பல மாவட்டங்களில் முதல் கட்டம் முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் மாதக்கணக்கில் இடைவெளி விழுந்தது. கற்றவர் கையில் படிக்க ஒன்றும் இல்லை. இயக்கத்தை மதிப்பிட 1994-இல் அருண் கோஷ் தலைமையில் அமைந்த வல்லுநர் குழுவும், இப்படிக் கற்றது நழுவிப் போகும் அபாயத்தைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. கியூபா அடுத்த ஆண்டே தொடர் வகுப்பு வைத்ததை முன்னே சொன்னேன் அல்லவா, வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

நீச்சல் கற்றவனுக்கு மறக்காது. எழுத்து அப்படி அன்று. வளர்ந்த பிறகு நூறு நாளில் கற்ற எழுத்து, புழங்காவிட்டால் துருப்பிடிக்கும். அடுத்து இன்னொன்று. தொண்டராக வந்த பிள்ளைகள் இருபது வயதுக்காரர்கள். வேலை கிடைத்தது, கல்யாணம் ஆயிற்று, ஊரை விட்டுப் போனார்கள். அவர்களுடைய இடத்துக்கு அடுத்த வரிசை வரவில்லை.

அரசு பிறகும் சும்மா இருக்கவில்லை. ஆந்திரத்தில் 2000-இல் 'அட்சர சங்கிராந்தி' வந்தது. 2009 செப்டம்பர் 8-இல், அதாவது உலக எழுத்தறிவு நாளில், 'சாட்சர பாரத்' தொடங்கி 2018 மார்ச்சில் முடிந்தது. 2022 முதல் 2027 வரைக்கென ஐந்து கோடிப் பேரை இலக்காக வைத்துப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வகுக்கப்பட்டது. 'உல்லாஸ்' என்பது அதற்கு வைத்த பெயர். அதுவும் ஊதியமில்லாத் தொண்டர்களையே நம்பி அமைக்கப்பட்டது. 35 வயது என்ற பழைய வரம்பு இதில் இல்லை, 15 வயதுக்கு மேற்பட்ட எவரும் கற்கலாம். 2011 கணக்கெடுப்பில் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் எழுத்தறிவு 67 சதவீதம், பெண்களில் 59. இருபது ஆண்டில் ஏற்றம் பெரிதுதான். ஆனால் பத்துப் பெண்களில் நால்வர் வெளியே நின்றார்கள்.

எந்த எழுத்து?

எல்லையோரத்தில் வாழும் நமக்கு மட்டும் உரிய கேள்வி ஒன்று இருக்கிறது. வீட்டில் தமிழ் பேசும் அம்மாளுக்கு எந்த எழுத்தைச் சொல்லிக் கொடுப்பது? தமிழா, தெலுங்கா?

தாய்மொழியில் தொடங்குவதே எளிது என்பது கல்வியாளர் கருத்து. யுனெஸ்கோ 1953-இல் வெளியிட்ட அறிக்கையும் அதையே வலியுறுத்தியது. காதில் இருக்கும் சொல்லைத்தானே கண்ணில் காட்ட முடியும்? ஆனால் பேருந்துப் பலகை தெலுங்கு, ரேஷன் அட்டை தெலுங்கு, மண்டல அலுவலகத்து நோட்டீசு தெலுங்கு. 2006-இல் தொடங்கிய ஊரக வேலை உறுதித் திட்டத்தில் எத்தனை நாள் வேலை செய்தோம் என்று அட்டையில் எழுதியபோது, அதைப் படிக்கத் தெரியாதவர் பிறர் சொன்னதையே நம்ப வேண்டியிருந்தது. 2008-க்குப் பிறகு சத்தியவேடு, வரதய்யபாளையம் மண்டலங்களில் ஸ்ரீசிட்டி தொழில்நகரம் எழுந்தது. தொழிற்சாலைக்கு வேலை தேடிப் போகிறவருக்கு எழுத்தின் தேவை இன்னும் கூடிவிட்டது.

என் கருத்தைச் சொல்கிறேன். கற்கிறவரையே கேட்க வேண்டும். "எதைப் படிக்கணும்னு ஆசை?" என்று கேட்டால் அவரே சொல்லிவிடுவார். ஒருவருக்குப் பேருந்துப் பலகை, ஒருவருக்கு வங்கிப் புத்தகம், ஒருவருக்குச் சென்னையில் இருக்கும் பேத்தி கைப்பேசியில் அனுப்பும் நாலு வரி. முதல் இரண்டுக்குத் தெலுங்கு, மூன்றாவதற்குத் தமிழ். எண் இரண்டுக்கும் பொது. ஓர் எழுத்தில் கண் பழகினால் அடுத்த எழுத்துக்குப் பாதி வழி தாண்டியாயிற்று. தமிழுக்குத் தொண்டு செய்கிறோம் என்று தமிழ் எழுத்தை மட்டும் திணித்தால் அது அவருக்குச் செய்யும் தொண்டு ஆகாது. அதேபோல, ஆந்திரத்தில் இருக்கிறோம், தமிழ் எதற்கு என்று விட்டுவிட்டால் வீட்டுக்குள் இருக்கும் மொழி எழுத்தில்லாமலே போய்விடும்.

நம் சங்கம் செய்யக் கூடியது

நம் சங்கத்தில் பொங்கல் விழா உண்டு, பட்டிமன்றம் உண்டு, பிள்ளைகளுக்குத் திருக்குறள் போட்டி உண்டு. எல்லாம் நல்லதே. ஆனால் போட்டியில் பரிசு வாங்கும் பிள்ளையின் பாட்டி, பரிசுச் சான்றிதழைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறாரா என்று நாம் கவனித்ததில்லை. ஓய்வூதியத் தாளையும், வங்கிப் புத்தகத்தையும், நிலப் பத்திரத்தையும் பிறர் படித்துச் சொல்லித் தெரிந்துகொள்ளும் பெரியவர்கள் நம் குடும்பங்களிலேயே இருக்கிறார்கள். படித்துச் சொல்பவர் நல்லவராக இருக்கும் வரை கவலை இல்லை. அந்த நம்பிக்கை ஒன்றே அவர்களுக்குப் பாதுகாப்பு என்பது சரியான ஏற்பாடு ஆகாது.

மேலே சொன்ன வரலாறு நமக்கு மூன்று செய்திகளைத் தருகிறது. ஒன்று, சொல்லிக் கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருக்க வேண்டும். இரண்டு, பாடம் கற்பவரின் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். மூன்று, கற்ற பின்பும் படிக்க ஏதாவது கையில் இருந்துகொண்டே இருக்க வேண்டும். அரசால் முதலாவதையும் இரண்டாவதையும் ஓரளவு தொடங்கி வைக்க முடிந்தது. மூன்றாவதுக்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும். ஐந்தாண்டுத் திட்டத்துக்குள் அது அடங்காது. சங்கம் போன்ற ஓர் அமைப்பால் அது முடியும், ஏனென்றால் நாம் எங்கும் போகப் போவதில்லை.

செலவு அதிகமில்லை. பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் வீதம், 200 மணி நேரம். சிலேட்டும் பலப்பமும் நோட்டும் சேர்த்தால் ஒரு வேளை விருந்துச் செலவு ஆகாது. கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் வாரம் மூன்று நாள் இரண்டு மணி நேரம் கொடுத்தால் எட்டு மாதத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு பெரிய எழுத்தில் அச்சிட்ட நாலு பக்கத் தாள் ஒன்றை மாதந்தோறும் கொடுக்கலாம். ஊர்ச் செய்தி, விலைவாசி, பேருந்து நேரம், ஒரு கதை, ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. கற்றவர்கள் சொல்வதையே எழுதிப் போட்டால் இன்னும் ஆவலாகப் படிப்பார்கள்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு முன், இந்த மலர் வீட்டுக்கு வந்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டில் இதைப் படிக்க இயலாதவர் யாராவது இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள். முடிந்ததும், "உங்க பேரை எழுதிப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றுதான் முதலில் சொல்வார். இன்னொரு தடவை கேளுங்கள்.